கூழாங்கல் கணக்கு

சின்ன வயதில் தாயம் ஆடியிருப்பீர்கள். ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில், "போ, நீ அழுகுணி ஆட்டம் ஆடறே" என்று காய்களைக் கலைத்துவிட்டு எழுந்து போகிற ஓர் ஆள் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அது என் தங்கை. என்னைவிட மூன்று வயது சின்னவள். திருச்சி உறையூர் வீட்டுத் திண்ணையில் சாக்பீஸால் போட்ட கட்டத்தை அவள் காலால் தேய்த்து அழிக்கிற வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனால், பத்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிடுவாள். அதுதான் விசேஷம். கோபம், கலைப்பு, சமாதானம் எல்லாம் ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

வளர்ந்தவர்கள் காய்களைக் கலைப்பதில்லை. "சரி, உன் இஷ்டம்" என்கிறார்கள். இது எவ்வளவு ஆபத்தான வாக்கியம் என்பது எனக்குப் புரிய நாற்பத்தேழு வயதும், ஒரு விமான டிக்கெட்டும், ஒரு கைப்பிடிக் கூழாங்கல்லும் தேவைப்பட்டன.

*

தங்கை இருப்பது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில். மில்வாக்கி நகரத்துக்குப் பக்கம். போன வருடம் மார்ச் மாதம் போயிருந்தேன். மார்ச் என்றால் நமக்கு வெயில் ஆரம்பிக்கிற மாதம். அங்கே பனி முடிகிற மாதம் என்றார்கள். முடிந்த மாதிரி தெரியவில்லை.

அவள் பையனுக்குப் பதினேழு வயது. நாம் பேசுகிற தமிழ் முழுக்கப் புரியும். திருப்பிப் பேசும்போது பாதி தமிழ், பாதி அமெரிக்கா. வீட்டுக்கு அடியில் இருக்கிற பேஸ்மென்ட் அவனுடைய ராஜ்ஜியம். அங்கே ஒரு பெரிய மேஜை, ஏழெட்டு நாற்காலி, சுவர் முழுக்க ஒரு அலமாரி. அலமாரியில் தடிமனாகவும் மெல்லிசாகவும் புத்தகங்கள்.

"பாடப் புத்தகமாடா?"

"இல்ல மாமா, கேம்ஸ். ரோல்-பிளேயிங் கேம்ஸ்."

"கம்ப்யூட்டர்லயா?"

"இல்ல. டேபிளைச் சுத்தி உட்கார்ந்து பேசறது."

"உட்கார்ந்து பேசறதா? அதுக்கு எங்க ஊர்ல திண்ணைன்னு பேரு."

அவன் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினான். நான்கைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதை நடத்துகிறவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருவன் வீரன், ஒருத்தி மந்திரக்காரி, இன்னொருவன் திருடன். "குகைக்குள்ளே போகிறீர்கள், உள்ளே உறுமல் சத்தம் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துகிறவர் கேட்பார். நீங்கள் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் பகடை உருட்ட வேண்டும். பகடை என்றால் நம்முடைய ஆறு பக்கக் கட்டை மட்டும் இல்லை. நான்கு, எட்டு, பன்னிரண்டு, இருபது பக்கம் வைத்ததெல்லாம் உண்டு.

"ஜெயிக்கறது யாரு?"

"யாரும் இல்ல மாமா. ஸ்டோரி நல்லா வந்தா எல்லாரும் ஜெயிச்ச மாதிரி."

ஜெயிப்பே இல்லாத ஆட்டம்! பி.காம். படித்தவனுக்கு இது இடிக்கத்தான் செய்யும். லாபமா நஷ்டமா என்று கடைசி வரியில் ஒரு எண் விழவில்லை என்றால் எங்களுக்குத் தூக்கம் வராது.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையன் என்னை ஒரு மணி நேரக் கார் பயணத்தில் லேக் ஜெனிவா என்ற சின்ன ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஏரிக்கரை ஊர். சென்டர் ஸ்ட்ரீட்டில் ஒரு சாதாரண வீட்டின் முன்னால் காரை நிறுத்தி, "இங்கதான்" என்றான். நம் பையன்கள் ரஜினி வீட்டு வாசலில் நிற்பார்களே, அந்த முகம்.

இந்த வீட்டில்தான் கேரி கைகாக்ஸ் குடியிருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1970-ல் வேலை போனது. வீட்டில் குழந்தைகள். செருப்புத் தைத்து ரிப்பேர் பார்த்து சம்பாதித்துக்கொண்டே, மீதி நேரத்தில் போர் விளையாட்டுகளுக்கு விதி எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் இருந்த டேவ் ஆர்னசன், படைகளை நகர்த்துவதற்குப் பதிலாக ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடுகிற முறையை 1972-ல் இவருக்கு ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் அதற்கு விதிகள் எழுத உட்கார்ந்தார். முதலில் ஆடிப் பார்த்தவர்களில் அவருடைய மகனும் மகளும் உண்டு. அப்படிப் பிறந்ததுதான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. 1973-ல் கம்பெனி ஆரம்பிக்க கைகாக்ஸ் ஆயிரம் டாலர் போட்டார். நண்பர் டான் கே, தன் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தின் மேல் கடன் வாங்கி ஆயிரம் டாலர் போட்டார். அது போதாமல், இரண்டாயிரம் டாலரோடு பிரையன் புளூம் என்ற மூன்றாவது கூட்டாளி வந்தார். 1974 ஜனவரியில் ஆயிரம் பிரதிகள் அச்சடித்தார்கள். விலை பத்து டாலர். வீட்டிலேயே உட்கார்ந்து பெட்டிக்குள் புத்தகங்களை அடுக்கி அனுப்பினார்கள். ஒரு வருடத்துக்குள் ஆயிரமும் தீர்ந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க ஆடுகிற ஆட்டத்தின் மூலதனம் நாலாயிரம் டாலர், ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி, ஒரு செருப்புத் தைக்கிற மெஷின்.

"நீ ஆடறதும் இதுதானா?" என்றேன்.

"முன்னாடி இது மட்டும்தான். இப்ப நிறைய."

2023 ஜனவரியில் ஒரு கலாட்டா நடந்ததாம். அந்த ஆட்டத்தின் விதிகளை வைத்து மற்றவர்களும் புத்தகம் போட்டுக்கொள்ளலாம் என்று இருபது வருடத்துக்கு மேல் அனுமதி இருந்தது. உரிமை வைத்திருக்கிற விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனி அதை மாற்றப் பார்த்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். அதே மாதத்திலேயே கம்பெனி பின்வாங்கிவிட்டது. ஆனால், கோபத்தில் வேறு கடைக்குப் போன வாடிக்கையாளர்கள் அங்கே வேறு சரக்கும் இருப்பதைப் பார்த்துவிட்டார்கள். என் தங்கை பையன் அவர்களில் ஒருவன். அலமாரியின் மேல் இரண்டு தட்டு டிராகன். கீழே நான்கு தட்டு, நீங்களும் நானும் பெயர்கூடக் கேள்விப்படாதவை.

*

பனியில் வெளியே போக முடியாத நாட்களில் அந்தக் கீழ்த் தட்டை நான் மேய ஆரம்பித்தேன். கதைப் புத்தகம் படிக்கிற மாதிரி விதிப் புத்தகம் படித்திருக்கிறீர்களா? படிக்கலாம். ருசி இருக்கிறது.

முதலில் கையில் மாட்டியது 'டிராவலர்'. 1977-ல் மார்க் மில்லர் எழுதியது. விண்வெளியில் கப்பல் ஓட்டுகிற ஆட்டம். பாத்திரத்தை உருவாக்கும்போதே அவனுடைய பழைய வேலைக்காலத்தையும் பகடை உருட்டித் தீர்மானிக்க வேண்டும். பழைய விதிப்படி பகடை சரியாக விழவில்லை என்றால், ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஆள் காலி. இன்டர்வியூவுக்குப் போகும் வழியிலேயே பரலோகம்!

உயிர் தப்பினால் கப்பல் வாங்கலாம். எப்படி? கடன் வாங்கித்தான். இருபது சதவிகிதம் முன்பணம். மீதிக்கு மாதத் தவணை, கப்பல் விலையில் 240-ல் ஒரு பங்கு. எத்தனை மாதம்? 480. அதாவது 40 வருஷம். நான் அங்கேயே பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். கட்டி முடிக்கும்போது விலையில் 220 சதவிகிதம் கொடுத்திருப்பீர்கள். நட்சத்திர மண்டலங்களுக்கு நடுவே பறந்து போய் வீரசாகசம் செய்வது எதற்காக? அடுத்த மாத இ.எம்.ஐ.க்காக. இதைவிட யதார்த்தமான விண்வெளிக் கதை நான் படித்ததில்லை.

அடுத்தது 'டிரெட்'. 2005-ல் வந்தது. பேய்க்கதை ஆட்டம். பகடையே கிடையாது. ஜெங்கா தெரியுமல்லவா, மரக்கட்டைகளை அடுக்கி ஒவ்வொன்றாக உருவுகிற விளையாட்டு? அந்தக் கோபுரம்தான் நடுவில் நிற்கும். "இருட்டில் கதவைத் திறக்கிறேன்" என்றால் ஒரு கட்டையை உருவ வேண்டும். கோபுரம் சரிந்தால் உங்கள் பாத்திரம் அவுட். பையனும் அவன் நண்பர்களும் ஆடும்போது மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். பேயைப் பற்றி யாரும் பேசவில்லை. கட்டையை உருவுகிற விரல் நடுங்கியது. பயத்தை வர்ணிக்காமல் வரவைத்துவிட்டார்கள்.

மூன்றாவது 'சைன்'. இது உண்மைச் சம்பவத்திலிருந்து எழுதியது. 1977-ல் நிகரகுவா நாட்டின் தலைநகரான மனாகுவாவில் காது கேளாத குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். அதுவரை அவர்களுக்குப் பொதுவான சைகை மொழி கிடையாது. ஆளாளுக்குத் தன் வீட்டில் பழகிய ஜாடைகள் மட்டும். ஒன்றாகச் சேர்ந்ததும் அந்தக் குழந்தைகளே தங்களுக்குள் ஒரு மொழியை உண்டாக்கத் தொடங்கினார்கள். ஆசிரியர்கள் சொல்லித் தந்ததில்லை. ஆட்டத்தில் நாம்தான் அந்தக் குழந்தைகள். முழு நேரமும் பேசக் கூடாது. ஒவ்வொரு சைகையாகக் கண்டுபிடிக்க வேண்டும். நாம் சொல்ல வந்தது ஒன்று, எதிராளிக்குப் போனது வேறு, சரி போகட்டும் என்று விட்டுக்கொடுக்கிறோம் பாருங்கள். அப்போதெல்லாம் பேனாவால் நம் கையில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆட்டம் முடிந்து பையன் சாப்பிட வந்தபோது அவன் புறங்கையில் ஏழு கோடு. தங்கை சாதம் போட்டுக்கொண்டே அதைப் பார்த்தாள். "எனக்கெல்லாம் கை பத்தாது" என்றாள். மாப்பிள்ளை சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

*

அந்தச் சனிக்கிழமை பனி கொட்டித் தீர்த்தது. பையனின் நண்பர்கள் யாரும் வர முடியவில்லை. "அம்மா, அப்பா, மாமா, நீங்க மூணு பேரும் வாங்க" என்று எங்களைக் கீழே இழுத்துக்கொண்டு போனான். தங்கை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நானும் அவளும் ஒரே ஆட்டத்தில் உட்கார்ந்து முப்பது வருஷம் இருக்கும்.

ஆட்டத்தின் பெயர் 'தி கொய்ட் இயர்'. அமைதியான ஆண்டு. கனடாவைச் சேர்ந்த அவெரி ஆல்டர் எழுதி 2013-ல் வந்தது. தேவையான சாமான்கள்: ஒரு வெள்ளைத் தாள், பென்சில், ஒரு சீட்டுக்கட்டு, ஆறு சின்னப் பகடை, இருபது கூழாங்கல்.

ஒரு சின்ன சமூகம். குள்ளநரிகள் என்ற எதிரிகளோடு நீண்ட போர் நடத்தி, இப்போதுதான் அவர்களை விரட்டியிருக்கிறது. ஒரு வருஷம் நிம்மதி. அடுத்த குளிர்காலத்தில் பனி மேய்ப்பர்கள் வருவார்கள். அவர்கள் யார், வந்து என்ன செய்வார்கள் என்பதை ஆட்டம் சொல்வதே இல்லை. இந்த ஒரு வருஷத்தில் என்ன கட்டுவீர்கள், எதை விடுவீர்கள் என்பதுதான் ஆட்டம். ஒரு சீட்டு என்றால் ஒரு வாரம். 52 சீட்டு, 52 வாரம். ஹார்ட்டின் வசந்தம், டைமண்ட் கோடை, கிளாவர் இலையுதிர்காலம், ஸ்பேட் குளிர்காலம். ஸ்பேட் ராஜா வந்ததும் ஆட்டம் முடிந்தது.

இதில் யாருக்கும் தனிப் பாத்திரம் கிடையாது. எல்லோரும் சேர்ந்து ஊர். நடுவில் இருக்கிற தாளில் ஊரின் வரைபடத்தை ஒவ்வொருவராக வரைந்துகொண்டே போக வேண்டும்.

இனி முக்கியமான விதி. உங்கள் முறை வந்தால், முடிவு உங்களுடையது மட்டும். யாரையும் கேட்கக் கூடாது. யாரும் கருத்துச் சொல்லக் கூடாது. பேச வேண்டுமென்றால், உங்கள் முறையைச் செலவழித்து ஒரு 'கலந்துரையாடல்' வைக்கலாம். அதில் ஆளுக்கு ஒரு தடவை, ஒன்றிரண்டு வாக்கியம் பேசலாம். அவ்வளவுதான். முடிவெடுக்கவும் கூடாது. பேசியது பேசியதாக அப்படியே நின்றுபோகும்.

"கூழாங்கல் எதுக்கு?" என்று கேட்டாள் தங்கை.

"அது கன்டெம்ப்ட் டோக்கன்மா. ஒரு டிசிஷன்ல என்னைக் கேட்கவே இல்லையே, என்னை மதிக்கலையேன்னு உனக்குத் தோணினா, ஒரு கல்லை எடுத்து உன் முன்னாடி வெச்சுக்கணும். ஏன்னு சொல்லக் கூடாது. யாரும் ஏன்னு கேட்கவும் கூடாது. ரூல்."

நான் மனதுக்குள் மொழிபெயர்த்துப் பார்த்தேன். அகராதியில் 'அவமதிப்பு' என்று இருக்கும். ஆனால், சரியான சொல் அது இல்லை. 'மனத்தாங்கல்'. கல்யாண வீட்டில் முதலில் பத்திரிகை வைக்காத பெரியப்பாவுக்கு வருமே, அது. அதைக் கையில் எடுத்து மேஜையில் வைக்கிற மாதிரி ஒரு பொருளாக்கிவிட்டார்கள்.

*

ஊருக்கு முக்கியமானவை எவை என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். நான் தண்ணீர் என்றேன். மாப்பிள்ளை தானியம். பையன் மருந்து. தங்கை, "வயசானவங்க" என்றாள். "ரிசோர்ஸ் சொல்லுமா" என்றான் பையன். "அதான் சொல்றேன்" என்றாள். இதில் ஒன்றுதான் தாராளமாக இருக்கும், மற்றதெல்லாம் பற்றாக்குறை. தானியத்தைத் தாராளம் ஆக்கினோம். வயதானவர்கள் பற்றாக்குறைப் பட்டியலில் போனார்கள்.

வரைபடத்தில் ஆளுக்கொன்று வரைந்தோம். நான் ஆறு. மாப்பிள்ளை காடு. பையன் உடைந்த பாலம். தங்கை மேட்டின் மேல் ஒரு ஓட்டு வீடு வரைந்தாள். பக்கத்தில் ஒரு மரம்.

மூன்றாவது வாரம் என் முறை. பனி மேய்ப்பர்கள் வருகிறார்கள், சுவர் வேண்டும், கல் வேண்டும். "மேட்டு வீட்டை இடிச்சு அந்தக் கல்லுல சுவர் கட்டறோம். ஐந்து வாரம்" என்று பகடையில் ஐந்தைத் திருப்பி வீட்டின் மேல் வைத்தேன். வாரத்துக்கு ஒன்று குறையும். பூஜ்யம் ஆனால் வேலை முடிந்தது. தெளிவான, சிக்கனமான திட்டம். எனக்கே பெருமையாக இருந்தது.

டக் என்று ஒரு சத்தம். தங்கை ஒரு கல்லை எடுத்துத் தன் முன்னால் வைத்தாள்.

"எதுக்கு?" என்றேன் சிரித்துக்கொண்டே.

"மாமா, கேட்கக் கூடாது. ரூல்" என்றான் பையன்.

கோடைக்காலம் பாதி ஆவதற்குள் அவள் முன்னால் நான்கு கல். மூன்று என் கணக்கு, ஒன்று மாப்பிள்ளை கணக்கு. பையன் முன்னால் இரண்டு. மாப்பிள்ளை முன்னால் ஒன்று. என் முன்னால் ஒன்றுமில்லை. 'நான்தான் பெருந்தன்மையான ஆள் போலிருக்கிறது' என்று முதலில் நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது. முடிவெடுக்கிறவன் கையில் கல் சேராது. அது எப்போதும் எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில்தான் சேரும்.

அவளுடைய அடுத்த முறையில், புதிதாக ஒன்றும் கட்டாமல் கலந்துரையாடல் வைத்தாள். "அந்த வீட்டை இடிக்கறதுக்கு முன்னாடி ஊர்ல யாரையாவது கேட்டிருக்கணுமா?"

ஆளுக்கு ஒரு வாக்கியம். மாப்பிள்ளை, "சுவர் வேணும்தானே" என்றார். பையன், "அங்க யார் இருந்தாங்கன்னு யாருமே பார்க்கலை" என்றான். என் முறை வந்தது. நான் சொன்னேன்: "நேரம் இல்லை. இப்ப விட்டா அப்புறம் கிடைக்காது."

சொல்லி முடித்ததும் எனக்கு வயிற்றில் என்னமோ செய்தது. இதே வாக்கியத்தை நான் ஏற்கெனவே ஒரு தடவை இவளிடம் சொல்லியிருக்கிறேன்.

*

அப்பா 2016-ல் காலமானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். உறையூர் வீடு பூட்டிக் கிடந்தது. ஓடு சரிந்தது, கிணற்றடியில் புதர் மண்டியது. 2018-ல் நல்ல விலைக்கு ஒரு பார்ட்டி வந்தது. நான் போன் செய்தேன். "நேரம் இல்லை. இப்ப விட்டா அப்புறம் கிடைக்காது. பவர் எழுதி அனுப்பு" என்றேன். இரண்டு நொடி சத்தமே இல்லை. பிறகு, "சரிண்ணா, உன் இஷ்டம்" என்றாள்.

சிகாகோ துணைத் தூதரகத்துக்குக் காரில் போய், கையெழுத்துப் போட்டு, கூரியரில் அனுப்பினாள். நான் வந்த பணத்தைச் சரிபாதியாகப் பிரித்தேன். பத்திரச் செலவு, தரகு, பாக்கி இருந்த சொத்து வரி எல்லாவற்றுக்கும் ரசீதோடு ஒரு கணக்குத் தாள் அனுப்பினேன். பைசா சுத்தமாக டாலி ஆனது. அதற்குப் பிறகு அவள் போன் பண்ணுவது குறைந்தது. வாரம் ஒன்று மாதம் ஒன்றாகி, பண்டிகைக்கு ஒன்று ஆனது. வேலை அதிகம், நேர வித்தியாசம் என்று நானே காரணம் எழுதிக்கொண்டேன்.

கணக்குப் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பேரேட்டில் ஏறாதது நடக்கவே இல்லை என்று நினைப்போம். 'கேட்கவில்லை' என்பதற்குப் பேரேட்டில் பக்கம் கிடையாது. அதனால் அது பாக்கி என்றே எனக்குத் தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால், பேஸ்மென்ட்டில் நான் புரட்டிய ஒவ்வொரு ஆட்டமும் ஒவ்வொரு பேரேடுதான். எதை எண்ணுவது என்பதுதான் வித்தியாசம். பெரிய ஆட்டம் காயத்தையும் தங்கத்தையும் எண்ணுகிறது. டிராவலர் கடனை எண்ணுகிறது. டிரெட் பயத்தை. சைன், புரியாமல் போனதை. நாம் எல்லோரும் கேள்விப்பட்ட ஆட்டங்கள் எண்ணாமல் விட்ட ஏதோ ஒன்றை எண்ணுவதற்காகத்தான் யாரோ ஒருவர் உட்கார்ந்து இந்தச் சின்ன ஆட்டங்களை எழுதியிருக்கிறார்கள். என் தங்கை அன்றைக்கு ஏழு வருஷம் கழித்து ஒரு கல்லை எடுத்து வைக்க முடிந்ததற்குக் காரணம், கல் வைக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. அவ்வளவுதான்.

*

குளிர்காலம் வந்துவிட்டது. ஸ்பேட் சீட்டுகள். ராஜா எப்போது வேண்டுமானாலும் வரலாம். சுவர் முடிந்திருந்தது. மேட்டில் வீடு இல்லை. பையன் அதை ரப்பரால் அழித்திருந்தான். அழித்த தடம் மட்டும் தெரிந்தது.

என் முறை. கையில் ஒரு பகடை மீதி இருந்தது. காவல் கோபுரம் கட்டலாம் என்று வைத்திருந்தேன். கட்டவில்லை. அன்றைக்கு முதல் தடவையாக நான் கலந்துரையாடல் வைத்தேன்.

"இடிச்ச வீட்டுலேர்ந்து எதை எடுத்து வெச்சிருக்கணும்?"

பையன், "விதை" என்றான். மாப்பிள்ளை, "சமையல் பாத்திரம்" என்றார்.

தங்கை தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கூடத்து நிலை. அதுல பென்சில்ல கோடு போட்டிருக்கும்."

பையனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அப்பா எங்களை அந்த நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் அடிக்குச்சி வைத்துக் கோடு போட்டுத் தேதி எழுதுவார். இடது பக்கம் நான். வலது பக்கம் அவள். ஒரே ஒரு வருஷம் அவள் என்னைவிட ஒரு விரற்கடை உயரமாக இருந்தாள். அந்தக் கோட்டுக்கு மட்டும் அவள் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு வைத்திருந்தாள்.

 நான் பேசாமல் இருந்தேன். அவள் முன்னால் இருந்த நான்கு கற்களில் ஒன்றை எடுத்து, நடுவில் இருந்த கிண்ணத்தில் திருப்பிப் போட்டாள். அதற்கும் விதி இருக்கிறது. மற்றவர் செய்த ஏதாவது ஒன்று உங்கள் மதிப்பைத் திரும்பப் பெற்றது என்றால் ஒரு கல்லைத் திருப்பிப் போடலாம்.

ஒன்றுதான். நான்கும் இல்லை.

அடுத்த சீட்டு ஸ்பேட் ராஜா. பனி மேய்ப்பர்கள் வந்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்தது.

"மாமா, நீங்க ஃபுல்லா பாஸ் மாதிரியே ஆடினீங்க. கடைசி டர்ன் மட்டும் சூப்பர்" என்றான் பையன்.

*

மறுநாள் காலை, சமையலறையில் அவளும் நானும் மட்டும். காபி கலந்துகொண்டே முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள்.

"அந்த நிலையை எடுத்து வெச்சியாண்ணா?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். "இல்லை. எனக்குத் தோணவே இல்லை. வாங்கினவர் இடிச்சு ஃப்ளாட் கட்டிட்டார்" என்றேன்.

"தெரியும். கூகுள் மேப்ல பார்த்தேன்."

கொஞ்ச நேரம் காபி மட்டும் பேசியது.

"விக்க வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேன்ணா. வித்துத்தான் ஆகணும், எனக்குத் தெரியாதா? நிலையை மட்டும் எடுத்து வைன்னு சொல்லியிருப்பேன். நீ கேட்டிருந்தா."

"கேட்டிருக்கணும்" என்றேன்.

அவள் டம்ளரை என் முன்னால் வைத்தாள். சர்க்கரை கம்மியாக, நான் குடிக்கிற மாதிரி.

இதைப் படித்துவிட்டு, குடும்பச் சண்டைக்கு அமெரிக்க விளையாட்டு மருந்து என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். நிலை திரும்பி வராது. அந்த நட்சத்திரம் போட்ட கோடு எந்தக் குப்பை மேட்டில் இருக்கிறதோ! ஒரு சீட்டுக்கட்டும் கொஞ்சம் கல்லும் அதையெல்லாம் சரிசெய்யாது. ஆனால் ஒன்று. உங்கள் வீட்டிலும் "சரி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிற ஒருவர் இருப்பார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் முன்னால் எத்தனை கல் இருக்கும்?

நான் கிளம்புகிற அன்று பார்த்தேன். மீதி மூன்று கற்களும் அவளுடைய சமையலறை ஜன்னல் விளிம்பில், கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தன. பையன், "அம்மா, அது என் கேமோடது" என்று கேட்டும் அவள் கொடுக்கவில்லை.

இப்போது வாரா வாரம் வீடியோ காலில் பேசுகிறோம். போன ஞாயிற்றுக்கிழமை அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினாள். பின்னால் ஜன்னல் தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன். இரண்டுதான் இருந்தது.

காணாமல் போனது என் கணக்கா, மாப்பிள்ளை கணக்கா?

கேட்கவில்லை. கேட்கக் கூடாது. ரூல்.